பொய் சொன்ன முள்

எங்கள் வீட்டில் மினி கிளப்மேன் கார் ஒன்று இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே, வேறொருவர் ஓட்டிய பழைய வண்டியாக அப்பா அதை வாங்கியிருந்தார். நான் படிவம் இரண்டில் படித்தபோது அதற்கு இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அண்டை வீட்டார் ஒவ்வொருவராகப் புரோட்டோன் சாகாவுக்கு மாறினார்கள். அப்பா மட்டும் மாறவில்லை. சனிக்கிழமை காலையில் பசியாறியதும் அதைக் கழுவித் துடைப்பார். எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எதையாவது முறுக்குவார். “உன் அப்பாவுக்கு அதுதான் மூத்த பிள்ளை” என்பார் அம்மா.

மினியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1956-இல் எழுந்த சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. குறைந்த பெட்ரோலில் ஓடும் சிறிய கார் ஒன்று தேவைப்பட்டது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959-இல் வெளிவந்த அந்தக் காரின் நீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர்தான். அதற்குள் நான்கு பேர் உட்கார வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த, இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். எஞ்சின் திரும்பியதால் ரேடியேட்டரும் முன்புறத்தை விட்டு, இடப்பக்க முன்சக்கரத்தின் அருகே போய் ஒதுங்கியது. மற்ற கார்களில் முன்னாலிருந்து வரும் காற்று நேராக ரேடியேட்டரில் மோதும். மினிக்கு அந்த வசதி இல்லை. 1969-இல் வந்த கிளப்மேனுக்கு மூக்கு சற்று நீண்டதே தவிர, ரேடியேட்டர் அதே மூலையில்தான் இருந்தது. குளிர்நாட்டில் இது பெரிய சிக்கல் அன்று. கோலாலம்பூரின் மதிய நெரிசலில் ஊர்ந்து செல்லும் மினியோ எளிதில் சூடாகிவிடும். அதனால், மினி வைத்திருப்பவர்கள் ஒரு கண்ணைச் சாலையிலும் மறு கண்ணை வெப்பநிலை முள்ளிலும் வைத்துத்தான் ஓட்டுவார்கள்.

எங்கள் காரில் ஓட்டுநருக்கு எதிரே இரண்டு வட்டங்கள் இருந்தன. ஒன்று வேகத்தைக் காட்டும். மற்றொன்றில் இரண்டு சிறிய முட்கள்: ஒன்று பெட்ரோல் அளவுக்கு, இன்னொன்று எஞ்சினின் வெப்பநிலைக்கு. வெப்பநிலை முள்ளின் அருகில் எண்கள் கிடையாது. குளிர், இயல்பு, சூடு என்பவற்றைக் குறிக்கும் எழுத்துகள் மட்டுமே இருந்தன.

இந்த முள்தான் எங்கள் வீட்டு நிம்மதியைக் கெடுத்தது. ஒரு கட்டத்தில் அது நடுவில் நிற்பதை நிறுத்திவிட்டது. வீட்டிலிருந்து கிளம்பிப் பத்து நிமிடம் ஆவதற்குள் சூட்டின் எல்லையைத் தொட்டுவிடும். அப்பா வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போனார். ரேடியேட்டர் அடைத்திருக்கும் என்று அதை மாற்றினார்கள். முள் இறங்கவில்லை. தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டிருக்கும் என்று அதைக் கழற்றி எறிந்தார்கள். அப்போதும் இறங்கவில்லை. தண்ணீர் பம்பையும் மாற்றினார்கள். அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போனது. பட்டறைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘எஞ்சின் சூடாகிறது’ என்று அப்பா சொன்னார். அவர்கள் எஞ்சினைப் பார்த்தார்கள். உண்மையில் அப்பா பார்த்தது எஞ்சினின் சூட்டை அன்று, முள்ளின் நிலையைத்தான். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அப்போது எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

நாளடைவில் ஒன்றைக் கவனித்தோம். முள் சூட்டில் நின்றாலும் வண்டி நன்றாகவே ஓடியது. ஆவி வரவில்லை, தண்ணீர் குறையவில்லை. “அது அப்படித்தான். விடு” என்று அப்பா சொல்லத் தொடங்கினார். அதன் பிறகு அவர் முள்ளைப் பார்ப்பதே இல்லை.

பள்ளி விடுமுறையில் தெமர்லோவில் உறவினர் வீட்டுத் திருமணம். அதிகாலையில் புறப்பட்டோம். கோம்பாக்கைக் கடந்து காராக் நெடுஞ்சாலையில் ஏறினோம். கெந்திங் செம்பாவை நோக்கிச் சாலை வளைந்து வளைந்து மேலே போகும். பின்னிருக்கையில் நானும் தங்கையும். அம்மாவின் மடியில் சீர்த்தட்டுப் பை. மேடு ஏறும்போது எஞ்சின் உறுமியது. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. மாதக்கணக்கில் சூட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்த முள் மெல்ல இறங்கி நடுவுக்கு வந்தது.

“இங்கே பாருங்கள்! மலைக்காற்று பட்டதும் சரியாகிவிட்டது” என்று அப்பா சிரித்தார். நாங்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தோம். முள் இன்னும் கீழே இறங்கியது.

மூன்று நான்கு நிமிடங்கள் சென்றிருக்கும். ரப்பர் கருகுவதுபோல் ஒரு வாடை. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் ஓசை. அப்பா மிதிக்க மிதிக்க வண்டி வேகம் குறைந்தது. ஓரத்தில் நிறுத்துவதற்குள் எஞ்சின் தானாகவே நின்றுவிட்டது. முள் அப்போது ‘குளிர்’ என்னும் முனைக்கு அருகில் இருந்தது.

மாணவர்களே, மேலே படிப்பதற்கு முன் இங்கே சற்று நிறுத்துங்கள். எஞ்சின் எரிந்துவிடும் அளவுக்குச் சூடான அதே நேரத்தில் முள் ஏன் இறங்கியது? உங்கள் விடையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடருங்கள்.

மினியின் எஞ்சினில், தண்ணீர் பம்பையும் சிலிண்டர் தலைப்பகுதியையும் இணைக்கும் ஒரு சிறிய ரப்பர்க் குழாய் உண்டு. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். குறுகலான இடத்தில் ஒளிந்திருப்பதால் அதை மாற்றுவது பெருந்தொல்லை. ஆகவே பலர் மாற்றாமலேயே விட்டுவிடுவார்கள். அன்று மேடேறும்போது அது வெடித்துத் தண்ணீர் முழுவதும் சாலையில் கொட்டிவிட்டது. வெப்பத்தை அறியும் உணரி, தலைப்பகுதியில் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே திருகப்பட்டிருக்கும். அதன் முனை எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீரின் சூட்டைத்தான் அது முள்ளுக்குச் சொல்கிறது. தண்ணீர் போனபின் அதைச் சுற்றி இருந்தது ஆவியும் காற்றும் மட்டுமே. தண்ணீரைப் போல் அவை வெப்பத்தைக் கடத்துவதில்லை. எனவே, எஞ்சினின் இரும்பு கொதித்துக்கொண்டிருக்க, உணரி மட்டும் ஆறத் தொடங்கியது. முள் இறங்கியது.

திருமணத்திற்கு நாங்கள் போய்ச் சேரவில்லை. சாலையோரத்தில், பாரவுந்துகள் உரசுவதுபோல் கடந்து செல்ல, இழுவை வண்டிக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். தங்கை அழுதுகொண்டே இருந்தாள். அப்பா சூட்டோடு சூடாக ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். அம்மா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். அது மிகச் சரியான செயல். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி, பிரஷர் குக்கரைப் போல் உள்ளே அழுத்தத்தைக் கட்டி வைத்திருப்பதால், தண்ணீர் 110 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த அந்த நொடியில் அழுத்தம் நீங்கி, எஞ்சியிருக்கும் தண்ணீர் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். எஞ்சின் ஆறும்வரை எந்தக் காரணத்துக்காகவும் அதைத் தொடக்கூடாது.

பட்டறையில் எஞ்சினைப் பிரித்தபோது ஹெட் கேஸ்கெட் கருகியிருந்தது. தலைப்பகுதி சற்று வளைந்திருந்ததால் அதை இழைத்துச் சமப்படுத்த வேண்டியிருந்தது. அந்த ரப்பர்க் குழாயின் விலை ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் காணாது. அது வெடித்ததும் வண்டியை நிறுத்தியிருந்தால் செலவு அதோடு முடிந்திருக்கும்.

வண்டி வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா, “விற்றுவிடலாம்” என்றார். அப்பா மறுத்துப் பேசவில்லை; அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வார இறுதியில் சித்தப்பா வந்தார். அவர் செம்பனை ஆலை ஒன்றில் மின்சாரப் பிரிவில் வேலை செய்தவர். எஞ்சின் பழுதுபார்க்கப்பட்ட பிறகும் முள் பத்து நிமிடத்தில் சூட்டுக்குப் போவதை அவரிடம் காட்டினோம். அவர் எஞ்சின் மூடியைத் திறக்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேள்விகள் கேட்டார்.

“அண்ணே, இந்த முள் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?”

“இரண்டு வருடம் இருக்கும்.”

“அதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டியில் என்ன வேலை செய்தீர்கள்?”

அப்பா யோசித்தார். “வேகம் காட்டும் முள்ளின் கேபிள் அறுந்துவிட்டது. அதை நானே மாற்றினேன். அதற்கும் எஞ்சின் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்?”

சித்தப்பா பதில் சொல்லவில்லை. “வேறு எதிலாவது கோளாறு உண்டா?” என்றார்.

தேநீர் கொண்டு வந்த அம்மா இடையில் நுழைந்தார். “பெட்ரோல் முள்ளைக் கேளுங்கள், தம்பி. கால் தொட்டி இருக்கிறது என்று காட்டும். வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். இரண்டு தடவை நான் பிள்ளைகளோடு எண்ணெய் நிலையத்துக்கு நடந்திருக்கிறேன்.”

“அது மிதவையில் உள்ள கோளாறு” என்றார் அப்பா.

“இருக்கட்டும், அண்ணே. அண்ணி சொன்னதுதான் முக்கியமான தகவல்” என்று சித்தப்பா எழுந்தார். “இரண்டு முட்களும் ஒரே திசையில் பொய் சொல்கின்றன. இரண்டுமே உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுகின்றன. உணரிகள் வேறு வேறு. ஒன்று எஞ்சினில், மற்றொன்று பின்னால் பெட்ரோல் தொட்டியில். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரிக் கெட்டுப்போகுமா? இரண்டுக்கும் பொதுவாக எது இருக்கிறதோ, அதைத்தான் தேட வேண்டும்.”

ஆனால், தேடுவதற்கு முன் அவர் வேறொன்றைச் செய்தார். முள் பொய் சொல்கிறது என்பதே இதுவரை எங்கள் ஊகம்தான். அதை உறுதிப்படுத்த முள்ளைச் சாராத இன்னொரு சாட்சி வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்துவது போன்ற கண்ணாடி வெப்பமானி ஒன்றை அவர் கொண்டு வந்திருந்தார். முதலில் அதை அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் பிடித்துப் பார்த்தோம். 100 பாகையைக் காட்டியது. “சாட்சியையும் ஒருமுறை விசாரித்துவிட வேண்டும்” என்றார் சித்தப்பா.

பிறகு, எஞ்சின் முழுவதும் ஆறியிருந்த காலை வேளையில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, தண்ணீரைச் சிறிது குறைத்து, வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டோம். பழுதுபார்த்தபோது புதிய தெர்மோஸ்டாட் பொருத்தப்பட்டிருந்தது. அது 82 பாகையில் திறக்கும் வகை. தெர்மோஸ்டாட் என்பது ஒரு கதவு. எஞ்சின் தேவையான சூட்டை அடையும்வரை அது மூடியிருந்து தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும். அதைக் கழற்றிவிட்டால் எஞ்சின் சூடேறுவதற்கு நெடுநேரமாகும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். முன்பு அதைக் கழற்றி எறிந்தது பயன் தராத வைத்தியம்.

எஞ்சினை ஓடவிட்டோம். நான் நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன். நெடுநேரம் ரேடியேட்டர்த் தண்ணீரில் அசைவே இல்லை. பின்னர், திடீரென்று மேற்குழாய் சூடாகியது, தண்ணீர் சுழன்றது, கதவு திறந்துவிட்டது. வெப்பமானி ஏறி 84 பாகையில் நின்றது. அது மிகவும் இயல்பான சூடு. காருக்குள் உட்கார்ந்திருந்த அப்பாவைக் கேட்டோம். “முள் சூட்டில் இருக்கிறது” என்றார். பொய் உறுதியானது. ரேடியேட்டரை மாற்றும் முன்பே இந்தச் சோதனையைச் செய்திருக்கலாம். அரைமணி நேரமும் ஒரு வெப்பமானியும் போதும்.

இந்தக் காலத்தில் துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானிகள் எளிதாகக் கிடைக்கின்றன. தொடாமலே அளக்கலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை: பளபளக்கும் உலோகத்தின் மீது குறிவைத்தால் அவை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். மங்கலான கறுப்புப் பரப்பின் மீது குறிவைப்பது நல்லது.

அடுத்தது உணரி. அதற்குள் தெர்மிஸ்டர் என்னும் சிறிய வில்லை இருக்கிறது. சாதாரண உலோகக் கம்பி சூடானால் அதன் மின்தடை கூடும். தெர்மிஸ்டர் அதற்கு நேர்மாறு: சூடாக ஆக அதன் மின்தடை குறையும். மின்தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். முள் மேலே ஏறும். எஞ்சின் ஆறியபின் உணரியைக் கழற்றி, கம்பியில் கட்டி, அம்மாவின் பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீரோடு அடுப்பில் வைத்தோம். பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, மல்டிமீட்டரை இணைத்தோம். குளிர்ந்த தண்ணீரில் சில நூறு ஓம். கொதிக்கும் நேரத்தில் சில பத்து ஓம். இடையில் எங்கும் துள்ளாமல் சீராக இறங்கியது. உணரி குற்றமற்றது. அதைத் திரும்ப மாட்டும்போது அப்பா வெள்ளை நாடாவைத் திருகு முழுவதும் தடிமனாகச் சுற்றப் போனார். சித்தப்பா தடுத்தார். அந்தத் திருகின் வழியாகத்தான் மின்சாரம் எஞ்சினுக்குள் இறங்கித் திரும்ப வேண்டும். நாடா வழியை மறித்தால், இனி முள் குறைவாகக் காட்டும். ஒரு பொய்யைத் திருத்தப்போய் மறு பொய்யை வாங்கிய கதையாகிவிடும்.

எஞ்சியது இரண்டு முட்களுக்கும் பொதுவான உறுப்பு. அதன் பெயர் மின்னழுத்தச் சீராக்கி. தீப்பெட்டியைவிடச் சிறிய தகரப்பெட்டி. வேகம் காட்டும் கருவியின் முதுகில் ஒரு திருகால் பொருத்தப்பட்டிருக்கும்.

அது எதற்கு? காரின் மின்னழுத்தம் நிலையாக இருப்பதில்லை. எஞ்சின் ஓடாதபோது ஏறத்தாழ 12 வோல்ட். வேகமாக ஓடும்போது 14 வோல்ட். முட்கள் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஆடக் கூடாது அல்லவா? அதனால் அவற்றுக்குச் சராசரியாக 10 வோல்ட் மட்டும் கிடைக்கும்படி சீராக்கி பார்த்துக்கொள்கிறது. அதன் உள்ளே இருப்பது ஈருலோகப் பட்டை. வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை அது, சூடானால் வளையும். அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள். மின்சாரம் சுருளைச் சூடாக்கும். பட்டை வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் தொடும். இப்படி விட்டு விட்டு வரும் மின்சாரத்தின் சராசரிதான் 10 வோல்ட். முட்களை அசைப்பதும் இதே போன்ற ஈருலோகப் பட்டைகள்தாம். அவை சூடேறுவதற்கு நேரம் எடுக்கும். சாவியைத் திருப்பியதும் பழைய கார்களின் பெட்ரோல் முள் துள்ளி எழாமல் நிதானமாக ஏறுவது இதனால்தான்.

இப்போது கவனியுங்கள். சீராக்கியின் கம்பிச் சுருள் சூடாக வேண்டுமென்றால், அதன் வழியே போகும் மின்சாரம் தகரப்பெட்டி வழியாகக் காரின் உடலுக்கு இறங்க வேண்டும். இதை ‘எர்த்’ என்கிறார்கள். எர்த் அறுந்தால் சுருள் சூடாகாது. சுருள் சூடாகாவிட்டால் பட்டை வளையாது. பட்டை வளையாவிட்டால் தொடர்பு துண்டிக்கப்படாது. முழு 14 வோல்ட்டும் முட்களுக்குப் போய்விடும்.

10-க்குப் பதில் 14 என்றால் அவ்வளவு வேறுபாடா என்று நினைக்கலாம். ஒரு சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.4 மடங்கை 1.4 மடங்கால் பெருக்கினால் 1.96. முள்ளை வளைக்கும் வெப்பம் ஏறத்தாழ இரண்டு மடங்கு! நடுவில் நிற்க வேண்டிய வெப்பநிலை முள் எல்லைக்குப் போனதும், காலியாகப் போகும் தொட்டி கால் பங்கு நிறைந்ததுபோல் தோன்றியதும் இதே கணக்குத்தான்.

சித்தப்பா பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுக் கருவிப் பலகையை மெல்ல முன்னால் இழுத்தார். கைவிளக்கைப் பிடித்திருந்த எனக்கும் தெரிந்தது. சீராக்கியின் திருகைச் சுற்றித் துரு படிந்திருந்தது. அதிலிருந்து போக வேண்டிய கறுப்புக் கம்பி எதிலும் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கேபிளை மாற்றிய நாளில் அப்பா அதை மீண்டும் மாட்ட மறந்துவிட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. நெடுநேரம் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேட்டரியை மீண்டும் இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, சீராக்கியின் வெளிமுனையில் ஒரு சோதனை விளக்கைத் தொடுத்தோம். விளக்கு இமைக்காமல் எரிந்தது. விட்டு விட்டு எரிந்திருக்க வேண்டும். முட்கள் இரண்டும் அவற்றின் வழக்கமான இடத்தில் நின்றன. “இப்போது பார்” என்று சொல்லி, சித்தப்பா ஒரு கம்பியால் சீராக்கியின் பெட்டியையும் காரின் வெற்று உலோகத்தையும் இணைத்தார். சில நொடிகளில் விளக்கு அணைந்தது; எரிந்தது; மறுபடி அணைந்தது. வெப்பநிலை முள் தயங்கித் தயங்கி இறங்கி நடுவுக்குச் சற்றுக் கீழே நின்றது. அதே வேகத்தில் பெட்ரோல் முள்ளும் சாய்ந்தது. தொட்டி ஏறத்தாழக் காலி.

“நான் அப்போதே சொன்னேன்” என்றார் அம்மா.

பழுது நீக்க ஒரு காசும் செலவாகவில்லை. துருவை உப்புத்தாளால் தேய்த்து, கறுப்புக் கம்பியை இறுக்கமாக மாட்டினோம். ஆனால், சித்தப்பா அதோடு விடவில்லை. மறுபடியும் வெப்பமானியைத் தொங்கவிட்டு, இம்முறை என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். அவர் வெளியிலிருந்து எண்ணைச் சொல்வார். நான் முள்ளின் நிலையை வரைவேன். தெர்மோஸ்டாட் திறக்கும்போது முள் எங்கே, 90 பாகையில் எங்கே என்று ஒரு பக்கம் நிறைந்தது. எண்களே இல்லாத அந்த முள்ளுக்கு அன்றுதான் அர்த்தம் கிடைத்தது. அந்தத் தாளை அப்பா நெடுங்காலம் காரின் கையுறைப் பெட்டியில் வைத்திருந்தார்.

இன்றைய கார்களில் கணினியே முள்ளை இயக்குகிறது. அவற்றில் பலவற்றில், வெப்பநிலை சில பாகை ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் வீணாக அஞ்சக் கூடாது என்பது நோக்கம். எனக்கென்னவோ, கொஞ்சம் ஆடினாலும் உள்ளதைச் சொல்லும் பழைய முள்தான் பிடிக்கிறது. இது என் சொந்த விருப்பம். நீங்கள் வேறுவிதமாக நினைக்கலாம்.

அடுத்த பள்ளி விடுமுறையில் தெமர்லோவுக்கு மீண்டும் அதே காரில் போனோம். அம்மா முதலில் பேருந்தில் வருவதாகத்தான் சொன்னார். பிறகு மனம் மாறினார். கெந்திங் செம்பா மேட்டில் அப்பாவின் கண் அடிக்கடி முள்ளுக்குப் போனது. ஏற்றத்தில் அது நடுவைத் தாண்டி ஒரு மயிரிழை ஏறியது. அப்பா வேகத்தைக் குறைத்தார். உச்சியைக் கடந்து இறக்கத்தில் விழுந்ததும் அது பழைய இடத்துக்கு வந்தது. நான் பின்னிருக்கையிலிருந்து தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

பெந்தோங்கை நெருங்கும்போது பெட்ரோல் முள் கால் தொட்டியைக் காட்டியது.

“நிறுத்துங்கள், எண்ணெய் ஊற்றிக்கொண்டு போகலாம்” என்றார் அம்மா.

“இன்னும் கால் தொட்டி இருக்கிறதே. முள்ளைத்தான் சரிசெய்துவிட்டோமே!”

“அது உங்களுக்கு” என்றார் அம்மா. அப்பா சிரித்துக்கொண்டே எண்ணெய் நிலையத்துக்குள் வண்டியைத் திருப்பினார்.